எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத கேள்வி

வெள்ளத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று யாராவது நூலகத்துக்கு வந்தால், அவரை ஒரே அலமாரிக்கு அனுப்பிவிட முடியாது. ட்யூயி பகுப்பு முறையில் ஆற்றோட்டம் 551.48, நிலத்தடி நீர் 551.49. அணையும் கரையும் 627. பேரிடரும் நிவாரணமும் 363.34. நிலம் யாருடையது என்ற வழக்கு சட்டத்தில், 346. இந்த எண்களைப் புத்தகத்தின் முதுகில் ஒட்டுவதுதான் என் வேலை. புத்தகங்களை இப்படிப் பிரித்து வைப்பதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, தேடினால் கிடைக்க வேண்டுமே. அவற்றை எழுதுகிறவர்களும் அதே மாதிரி மாடி மாடியாகப் பிரிந்து கிடக்கிறார்களே என்பதுதான் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த உறுத்தலில்தான் எங்கள் நூலக அரங்கில் பொது விவாதங்களை ஆரம்பித்தேன். ஒரு கேள்வி, மூன்று அல்லது நான்கு துறைக்காரர்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று பேராசிரியர்களும் வாசகர் வட்ட நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்கள் எல்லோரும் முதலில் வந்து நிற்கும் இடம், "யாரைக் கூப்பிடலாம்?" என்பது. நான் அதை முடிந்தவரை தள்ளிப் போடுவேன். யாரோ ஒருவர் ஏதோ ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது, அந்த முடிவு என்ன? இதற்குப் பதில் கிடைக்கும்வரை ஒருவரையும் அழைப்பதில்லை. 'காலநிலையும் சமூகமும்', 'அறிவியலும் அறமும்' போன்ற தலைப்புகள் சுவரொட்டியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் ஏற்கெனவே பல இடங்களில் பேசிய உரையையே எடுத்து வருவார்கள். நான்கு நல்ல உரைகள் கிடைக்கும், ஒரு விவாதம்கூட நடக்காது.

அதற்குப் பதிலாக, 'அடிக்கடி வெள்ளம் ஏறும் ஆற்றோரக் குடியிருப்பை வேறிடத்துக்கு மாற்றுவதா, கரையை உயர்த்துவதா?' என்று கேட்டுப் பாருங்கள். நீரியலாளர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினாலும் விடை வராது. வழக்கறிஞர் கொட்டினாலும் வராது. என் துறை மட்டும் இதற்குப் போதாது என்று ஒவ்வொருவரும் மேடையேறும் முன்பே உணர்ந்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் இருப்பவரை அவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்பதற்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதே கேள்வியை வைத்து நடத்திய விவாதத்தில் சில நிமிடங்கள் இன்னும் கண் முன்னால் நிற்கின்றன. நீரியலாளர் வரைபடத்தைக் காட்டி, இந்தக் கோடு வரை தண்ணீர் வர ஆண்டுக்கு ஒரு சதவீத வாய்ப்பு என்றார். ஒரு சதவீதம்தானே என்ற நிம்மதி அரங்கில் நன்றாகவே தெரிந்தது. காப்பீட்டுக் கணக்கு பார்க்கும் அம்மையார் ஒருவரும் மேடையில் இருந்தார். அவர் மைக்கை இழுத்து, "சார், வீட்டுக் கடன் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது வர எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டார். நீரியலாளர் எழுந்து போய்ப் பலகையில் எழுதினார். ஓர் ஆண்டில் வராமலிருக்க 0.99. அதை முப்பது முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.74. ஆக முப்பது வருடத்தில் குறைந்தது ஒருமுறை வெள்ளம் வர 26 சதவீதம். முன்வரிசையில் இருந்த ஒருவர், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டு, அதைத் தன் கையிலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்து வழக்கறிஞர் கேட்டதுதான் அன்றைய விவாதத்தின் உயிர். "இந்த இருபத்தாறு, வீடு வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் எந்தக் காகிதத்திலாவது இருக்கிறதா? இல்லை என்றால் அதைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கு? விற்பவருக்கா, கடன் கொடுப்பவருக்கா, வரைபடம் வைத்திருக்கும் துறைக்கா?" இந்தக் கேள்வி நீரியல் புத்தகத்தில் கிடையாது. அவருடைய சட்டப் புத்தகத்திலும் அந்த எண் கிடையாது. ஒருவர் ஆண்டுக் கணக்கில் யோசிக்கிறார், இன்னொருவர் கடன் தவணைக் கணக்கில் யோசிக்கிறார், இரண்டும் ஒட்டிய இடத்தில் மூன்றாமவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. நான் இத்தனை பாடுபடுவது இந்தக் கணத்துக்காகத்தான். இது நடந்துவிட்டால் அன்றைக்கு வேறு எது சொதப்பினாலும் கவலைப்படமாட்டேன்.

அன்று கரையை உயர்த்துவதைப் பற்றி நீரியலாளரே சொன்ன இன்னொன்றும் முக்கியம். கரை உயர்ந்தால், இனி பயமில்லை என்று அதற்குப் பின்னால் வீடுகள் பெருகும். கரை தாங்காத வெள்ளம் வரும் நாளில் முன்பைவிட இழப்பு அதிகமாகும். இதை எடுத்துச் சொன்னவர்களில் முன்னோடி கில்பர்ட் வைட். அவர் பொறியாளர் அல்லர், புவியியலாளர். வெள்ளம் இயற்கையின் செயல், வெள்ள இழப்பு பெரும்பாலும் மனிதரின் செயல் என்பது 1940-களிலேயே அவர் வாதம். பொறியாளர்கள் மட்டுமே கூடிப் பேசிய காலத்தில் ஒரு புவியியலாளர் உள்ளே வந்ததால் கிடைத்த பார்வை அது.

கேள்வியைச் சரியாக வைக்காவிட்டால் எத்தனை பெரிய மேதைகளைக் கூட்டி வந்தாலும் பயனில்லை. 1922 ஏப்ரல் 6 அன்று பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவக் கழகம் ஐன்ஸ்டைனை அழைத்துக் கூட்டம் நடத்தியது. அன்றைக்கு உலகப் புகழோடு இருந்த தத்துவவாதி ஹென்றி பெர்க்சனும் வந்திருந்தார். அவர் பேசும் எண்ணத்தோடு வரவில்லை, கேட்க வந்தவரை வற்புறுத்திப் பேச வைத்தார்கள். அவர் நாம் உணர்ந்து வாழும் காலத்தைப் பற்றிப் பேசினார். ஐன்ஸ்டைன் கடிகாரம் அளக்கும் காலத்தைப் பற்றிப் பேசினார். தத்துவவாதிகளுக்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது என்பதுதான் ஐன்ஸ்டைனின் சுருக்கமான பதில். கசப்பு அத்தோடு முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐன்ஸ்டைனுக்கு நோபல் வழங்கிய உரையில், பெர்க்சன் சார்பியல் கோட்பாட்டை மறுத்திருக்கிறார் என்பதையும் சொன்னார்கள். பரிசு சார்பியலுக்கு அல்ல, ஒளிமின் விளைவுக்கு.

ஓர் ஏற்பாட்டாளராக இதைப் படிக்கும்போது எனக்குக் கை பரபரக்கும். 'காலம் என்றால் என்ன' என்பதை விட்டுவிட்டு, 'ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்களில் ஒன்று நெடுந்தூரம் போய்த் திரும்பினால், இரண்டும் ஒத்துப்போகுமா?' என்று ஒரே ஒரு கேள்வியை நடுவில் வைத்திருக்கலாமே! ஒத்துப்போகாது என்பது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. பெர்க்சன் அதை ஏற்கவில்லை. நேருக்கு நேர் மோதியிருப்பார்கள், கேட்டவர்களுக்கும் எந்த இடத்தில் வேறுபடுகிறார்கள் என்று பளிச்சென்று தெரிந்திருக்கும். 1971-இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வரச் செய்து பார்த்தார்கள். நேரம் மாறித்தான் இருந்தது. அதற்குப் பிறகும் உணர்ந்து வாழும் காலம் பற்றிய பெர்க்சனின் கேள்வி தீர்ந்துபோகவில்லை. இரண்டையும் பிரித்து வைத்திருந்தால் இரண்டுக்கும் மரியாதை கிடைத்திருக்கும்.

கேள்வி முடிவானதும் பேச்சாளர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பேன். தொலைபேசியில் முடிக்க மாட்டேன், நேரில் உட்கார்ந்தால்தான் சில விஷயங்கள் வாயில் வரும். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. உங்கள் துறையில் எதை ஆதாரம் என்று ஏற்றுக்கொள்வீர்கள்? எது தெரியவந்தால் இந்த விஷயத்தில் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? உங்களுக்குத் தெரியாத எதை மற்றவரிடம் கேட்க ஆசை? இவைதான் என் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ஒன்றும் தோன்றவில்லை என்கிறவரை, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மரியாதையோடு விட்டுவிடுவேன். அவரைத் தனி உரைக்கு அழைக்கலாம்.

எது ஆதாரம் என்பதில் துறைகளுக்குள் இருக்கும் தூரத்தை இந்தச் சந்திப்புகளில்தான் முழுதாக உணர்ந்தேன். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உரிமையியல் வழக்கில், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். மருத்துவ ஆய்வுகளில், தற்செயலாகவே இப்படி ஒரு முடிவு வர ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்றால் அதைப் பொருட்படுத்தலாம் என்பது பழகிப்போன எல்லை. துகள் இயற்பியலாளரிடம் இதைச் சொன்னால் ஒப்பமாட்டார். அவர்களுக்கு ஐந்து சிக்மா வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லாதபோதும் வெறும் தற்செயலால் அந்த அளவுக்கு ஒரு தடயம் தோன்ற ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. 2012-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது அந்த எல்லையைத் தொட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள். துகள் இருக்கிறது என்று ஒரு வருடம் தாமதமாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆலைக் கழிவால் குழந்தைகளுக்கு உடம்பு கெடுகிறதா என்ற விஷயத்தில் அப்படிக் காத்திருக்க முடியுமா?

ஒரு மருந்தைச் சந்தையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்தில், மருத்துவர் "நிரூபணம் ஆகவில்லை" என்றார், வழக்கறிஞர் "போதுமான ஆதாரம் இருக்கிறது" என்றார். ஒருவரை ஒருவர் பொய் சொல்கிறவரைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே ஆய்வு, ஒரே எண். நேரில் சந்தித்தபோது இருவரும் தங்கள் அளவுகோலைச் சொல்லியிருந்தார்கள், என் குறிப்பேட்டில் இருந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகுதான், எந்த அளவுகோலை இந்த முடிவுக்குப் பயன்படுத்துவது, தவறினால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற நிஜமான விவாதம் தொடங்கியது.

மற்றவர் வாதத்தை அவரே "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது கணித உளவியலாளர் அனட்டோல் ராபபோர்ட் வற்புறுத்திய விதி. எங்கள் அரங்கில் முதல் சுற்று முழுக்க இதுதான். பெரிய அறிஞர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். திணறல் நல்லது, பார்வையாளர்களும் அவரோடு சேர்ந்து கற்றுக்கொள்வார்கள்.

யார் முதலில் பேசுவது என்பதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். கையில் எண்ணோடு வருகிறவரை நான் முதலில் பேச விடுவதில்லை. 1862-இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து வரும் கோளமாகப் பூமியை வைத்துக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். பின்னாளில் அதையும் குறைத்து 2 கோடியிலிருந்து 4 கோடிக்குள் கொண்டுவந்தார். பாறை அடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காலம் போதாது என்று தெரியும். ஆனால் அவர்களிடம் சமன்பாடு இல்லை, அடுக்குகள்தான் இருந்தன. இயற்பியலின் எண்ணுக்கு முன்னால் பல நிலவியலாளர்கள் தங்கள் கண்ணை நம்பாமல் கணக்கைச் சுருக்கிக்கொண்டார்கள். கெல்வினின் உதவியாளராக இருந்த ஜான் பெரி, 1895-இல் அந்தக் கணக்கின் அடிப்படை அனுமானத்தையே கேள்வி கேட்டார். பூமியின் உட்பகுதி வெப்பத்தைக் கெல்வின் நினைத்ததைவிட நன்றாகக் கடத்தினால் வயது பல மடங்கு கூடிவிடும் என்றார். பிறகு கதிரியக்கம் தெரியவந்தது, அதை வைத்தே பாறைகளின் வயதை அளக்க முடிந்தது. இன்று நாம் சொல்வது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். பாறையைப் பார்த்தவர்கள் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

எண் முதலில் விழுந்துவிட்டால் மற்ற எல்லோரும் அதைச் சுற்றியே பேசுவார்கள். அதனால் நேரில் பார்த்தவர், கள ஆய்வு செய்தவர், அங்கே வாழ்கிறவர் முதலில். கணக்கு போடுகிறவர் பிறகு. அவர் வரும்போது, உங்கள் கணக்கில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள் என்று கேட்கும் தைரியம் அரங்குக்கு வந்திருக்கும்.

யாரை அழைப்பது என்பதற்கு இப்போது வருகிறேன். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில், டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் ஆய்வுகளை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பேச ஏறத்தாழ 140 பேர் கூடினார்கள். உயிர்வேதியியலாளர் பால் பெர்க் முன்னின்று நடத்தினார். வந்தவர்களில் பெரும்பாலோர் உயிரியலாளர்கள், பத்திரிகையாளர்களும் சில வழக்கறிஞர்களும் இருந்தார்கள். விஞ்ஞானிகள் பல நாள் தங்களுக்குள் வாதாடி ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாலை அமர்வில் வழக்கறிஞர்கள் எழுந்து, உங்கள் ஆய்வகத்தில் யாருக்காவது நோய் தொற்றினால் நீங்களும் உங்கள் நிறுவனமும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரும் என்று நிதானமாக விளக்கினார்கள். மறுநாள் காலையில் கட்டுப்பாடுகளை ஏற்பதற்கு எதிர்ப்பு மிகவும் குறைந்திருந்தது. ஒரே மாலை, வேற்றுத் துறையிலிருந்து சில பேர்! நான் யாரையாவது அழைக்கத் தயங்கும்போதெல்லாம் அந்த மாலையை நினைத்துக்கொள்வேன்.

அசிலோமரில் இல்லாதவர்கள் பொதுமக்கள். அவர்கள் அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தார்கள். 1976-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இத்தகைய ஆய்வுக்கென ஓர் ஆய்வகம் கட்டத் திட்டமிட்டபோது, மசாசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ் நகர மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி நகர மன்றத்தில் பொது விசாரணை நடத்தினார். இங்கே பெரும்பாலோர் சாதாரண ஆட்கள், உங்கள் எழுத்துச் சுருக்கங்கள் எங்களுக்குப் புரியாது, எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி பேசுங்கள் என்று விஞ்ஞானிகளிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நெறியாளர் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்பேன்.

அதன் பிறகு அமைந்த குடிமக்கள் குழுவில் அந்த ஆய்வுத் துறையின் நிபுணர் ஒருவரும் இல்லை. ஒரு செவிலியர், ஒரு பொறியாளர், ஒரு மருத்துவர், ஒரு வியாபாரி என்று இருந்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்கள், இரு தரப்பு விஞ்ஞானிகளையும் எதிரெதிரே நிறுத்தி நீதிமன்றம் போல விசாரித்தார்கள். 1977 தொடக்கத்தில், கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு ஆய்வை அனுமதிக்கலாம் என்று சொன்னார்கள். தடைதான் விதிப்பார்கள் என்று பயந்தவர்கள் எதிர்பார்க்காத முதிர்ச்சி. சாதாரண ஆட்களுக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது என்னிடம் சொன்னால், இந்தக் கதையை முழுக்கச் சொல்லாமல் விடமாட்டேன்.

டென்மார்க் 1987 முதல் இதை ஒரு முறையாகவே வளர்த்தது. பதினைந்து பேர் அளவிலான பொதுமக்கள் குழு வார இறுதிகளில் கூடித் தயாராகும். எந்தக் கேள்விகளைக் கேட்பது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள், எந்த நிபுணர்கள் வேண்டும் என்பதிலும் அவர்களுக்குக் குரல் உண்டு. பொது அரங்கில் நிபுணர்களை விசாரித்து, கடைசியில் தங்கள் அறிக்கையைத் தாங்களே எழுதுவார்கள். எங்கள் நூலகத்துக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் கேள்வியின் வாசகத்தை இறுதியாக்கும் முன், அன்றாடம் நாளிதழ் படிக்க வருகிற வாசகர்கள் சிலரிடம் காட்டிவிடுவேன். புரியவில்லை என்று அவர்கள் சொன்ன வரி எதுவும் சுவரொட்டிக்குப் போகாது.

பேச்சு முடிந்ததும் "கேள்விகள் உண்டா?" என்று உடனே மைக்கை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. கை தூக்கப் பழகியவர்கள்தான் தூக்குவார்கள். பத்து நாடுகளில் 247 கல்விசார் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அரங்கில் இருக்கும் விகிதத்தைக் கணக்கில் கொண்டாலும் பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள் என்றது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டால் அந்த இடைவெளி இன்னும் கூடியது. படித்த, துறை தெரிந்த பெண்களுக்கே இந்த நிலை. அதனால் பேச்சு முடிந்ததும் சில நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்கிறேன். இருவருமாகச் சேர்ந்து ஒரு சீட்டில் ஒரே கேள்வியை எழுதித் தர வேண்டும். அரங்கில் ஒரே சலசலப்பாக இருக்கும், நான் அதை அடக்குவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு மனதிலேயே புதைத்திருக்கக்கூடிய கேள்விகள் சீட்டில் வந்து சேர்கின்றன. முதலில் யாருடைய சீட்டை எடுப்பது என்பதையும் யோசித்துத்தான் செய்கிறேன்.

வெற்றி தோல்விக்கு வாக்கெடுப்பு வைக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். தொடங்கும் முன் ஒரு வாக்கு, முடிந்த பின் ஒரு வாக்கு, எந்தப் பக்கம் கூடியதோ அந்தப் பக்கம் வெற்றி. கூட்டம் சேர்க்க நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பல துறைகளைக் கூட்டும் விவாதத்தில் அதை நான் அனுமதிப்பதில்லை. தோற்கக்கூடாது என்று வந்துவிட்டால், "இந்த இடத்தில் எங்கள் கணக்கு பலவீனமானது" என்று எந்த நீரியலாளராவது வாய் திறப்பாரா? என் அரங்குக்கு வேண்டியதே அந்த ஒரு வாக்கியம்தான். அன்றைய வெள்ள விவாதத்தில் அவர், தன் ஒரு சதவீதம் சில பத்தாண்டு மழைப் பதிவுகளை வைத்து நீட்டிப் போட்ட கணக்கு, மழையின் போக்கே மாறினால் அது நிற்காது என்று தானாகவே சொன்னார். வாக்கெடுப்பு இருந்திருந்தால் அது வந்திருக்காது.

முடிந்ததும் இரண்டு பக்கப் பதிவு ஒன்று தயாராகும். எதில் ஒத்துப்போனார்கள், எதில் இல்லை, இல்லாததற்குக் காரணம் தகவல் குறையா, அளவுகோல் வேறா, விருப்பம் வேறா என்று பிரித்து எழுதி, பேச்சாளர்கள் எல்லோரும் பார்த்துத் திருத்திய பிறகு, முடிவெடுக்க வேண்டியவருக்கு அனுப்புகிறோம். பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1860 ஜூன் 30 ஒன்றே போதும். ஆக்ஸ்ஃபோர்டில் உயிரியலாளர் ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் பரிணாமம் பற்றி மோதிய அந்தக் கூட்டத்தில் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எடுத்த பதிவு இல்லை. கடிதங்களும் பின்னாள் நினைவுகளும்தான். குரங்கு எனக்குப் பாட்டனாக இருப்பதில் வெட்கமில்லை என்று ஹக்ஸ்லி சொன்னதாகக் கூறும் அந்தச் சுடுசொல் மட்டும் பலருக்குத் தெரியும், அன்று வைத்த வாதங்கள் பெரும்பாலோருக்குத் தெரியாது.

நேர்மாறான உதாரணம், 1946 முதல் 1953 வரை அமெரிக்காவில் நடந்த மேசி மாநாடுகள். இயந்திரங்களும் உயிர்களும் தங்களைத் தாங்களே எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்பதைப் பற்றி நரம்பியலாளர், கணிதர், பொறியாளர், மானுடவியலாளர், உளவியலாளர் என்று ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடினார்கள். ஆறாவது மாநாட்டிலிருந்து நடந்த உரையாடல்கள் குறுக்கீடுகளோடு அச்சாகின. அவற்றைத் தொகுக்கும் பொறுப்பு, ஆங்கிலம் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த ஆஸ்திரிய இயற்பியலாளர் ஹைன்ஸ் ஃபான் ஃபர்ஸ்டருக்குப் போனது. மொழி கற்றுக்கொள்ளட்டும் என்றே கொடுத்தார்களாம். யார் எங்கே யாரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுகூட இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அடுத்த விவாதத்துக்கான கேள்வி முடிவாகிவிட்டது: 'பள்ளி காலையில் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்?' பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் பின்தள்ளிப் போகிறது, சீக்கிரம் படுத்தாலும் உறக்கம் வராது என்கிறார் உறக்க மருத்துவர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே போட்டது, 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளிக்கு 8:30, நடுநிலைக்கு 8:00. மருத்துவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

போக்குவரத்துத் திட்டமிடுபவரைப் போய்ப் பார்த்தேன். ஒரே பேருந்து சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் இரண்டு நடை ஓடுகிறது, பெரியவர்களைத் தள்ளினால் சின்னவர்களை முன்னால் இழுக்க வேண்டும், ஆறு வயதுப் பிள்ளை விடியும் முன் தெருவில் நிற்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். உழைப்புச் சந்தையை ஆராயும் பொருளியலாளருக்கு வேறு கவலை: பள்ளி தாமதமானால் காலை முறை வேலைக்குப் போகும் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? மருத்துவரிடம் என்ன கேட்க ஆசை என்று போக்குவரத்துக்காரரிடம் கேட்டேன். "அரை மணி நேரம் தள்ளினால் எத்தனை நிமிடம் கூடுதலாகத் தூங்குவார்கள்? பதினைந்து நிமிடத்தில் பலன் கிடைத்துவிடும் என்றால், ஒரு வண்டிகூடச் சேர்க்காமல் நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றார். அந்தக் கேள்வியை மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறேன். பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவரும் பதின்பருவத்துப் பிள்ளை ஒருவரும் மேடைக்கு இன்னும் வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறேன்.